ஆர்மிட்டேஜ் வீட்டுச் சொல்லாட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆர்மிட்டேஜ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுக்காரர் எட்மண்ட் ஆர்மிட்டேஜ், பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய தங்கை வின்னி, மகள் மரியன், தெருமுனை இறைச்சிக்கடைக்காரர் கிளெக். மேசைக்கடியில் நாய் படுத்திருந்தது. தாங்களும் அன்று அங்கே இருந்ததாக ஊரில் பலர் இப்போது சொல்லிக்கொள்வதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

மேசை நடுவில் எட்மண்ட் செய்த யார்க்‌ஷயர் புட்டிங் கிடந்தது. மாவையும் முட்டையையும் பாலையும் கரைத்து, காய்ந்த கறிக்கொழுப்பில் ஊற்றி அடுப்புக்குள் தள்ளினால் தொப்பி மாதிரி எழும்ப வேண்டிய பண்டம். இது தட்டோடு தட்டாகப் படுத்திருந்தது.

"என் பூட்ஸுக்கு அடித்தோல் வேணும்னு யார் உங்கிட்ட சொன்னா, ஆர்மிட்டேஜ்?" என்றார் கிளெக்.

"அப்பா இப்பத்தானே பழகுறாரு. அடுத்த வாரம் வந்துடும்," என்றாள் மரியன்.

அவள் எதற்காகப் பழக்குகிறாள் என்பது எட்மண்டுக்குத் தெரியும். நியூசிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக வரச் சொல்லி அவளை அழைத்திருந்தார்கள். அவள் அதை அத்தையிடம் மட்டும் சொன்னாள்; ஆனால் அந்த வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. திங்கட்கிழமை காலை பதில் தந்தி போக வேண்டும். அப்பாவைத் தனியே விடலாமா என்று பார்க்கத்தான் அவள் கொதிகலன் மூட்டுவதையும் சட்டை தேய்ப்பதையும் புட்டிங் ஊற்றுவதையும் ஒரு மாதமாக அவருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. முதல் உலகப்போரில் பிரான்சில் எட்மண்ட் பிடித்தது துப்பாக்கி அல்ல, கரண்டி. ஒரு படைப்பிரிவுக்கே சமைத்துப் போட்டவர். பதக்கத்தோடு ஊர் திரும்பியபோது எல்லோரும் போர்முனையைப் பற்றிக் கேட்டார்கள்; அவர் திருத்தவில்லை. ஆர்மிட்டேஜ் குடும்பத்து ஆண்கள் அடுப்படியில் நின்றதில்லை என்று அவருடைய அப்பா பெருமையடிப்பது வழக்கம். எனவே நாற்பது வருடமாக அவர் ஒரு வாணலியைத் தொடவில்லை. இப்போது தொட்டார், தொட்டு, கொழுப்பு காய்வதற்கு முன்பே வேண்டுமென்றே மாவை ஊற்றினார். புட்டிங் எழும்பினால் மகள் கப்பலேறிவிடுவாள்.

சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல் சொல்லாட்டம். ஒருவர் ஒரு வகையைச் சொல்வார்; எல்லோரும் முறைவைத்து அந்த வகையில் ஒவ்வொரு வினைச்சொல்லாகச் சொல்ல வேண்டும். சொல் மட்டும் போதாது, மேசையில் இருக்கும் ஒருவரைப் பற்றிய உண்மை ஒன்றை அதில் வைத்துச் சொல்ல வேண்டும். 'பொய்' என்று யாராவது மறுத்தால் சாட்சி காட்ட வேண்டும். முட்டை அவிக்க நேரம் பார்க்கும் மணற்கடிகை தீர்வதற்குள் சொல் வராதவர் பாத்திரம் கழுவுவார். எட்மண்ட் இதுவரை பாத்திரம் கழுவியதில்லை.

"ஒளிக்கிறதுக்கும் அடக்குறதுக்கும் உள்ள சொல்லெல்லாம்," என்றாள் வின்னி.

ஆங்கிலத்தில் இந்த வேலைக்குச் சொல் ஏராளம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அத்தனையும் தேவைப்படும்.

"பதுக்கு," என்று கிளெக் ஆரம்பித்தார். "ரேஷன் காலத்துல கிளெக் நல்ல ஈரலையெல்லாம் வின்னிக்குன்னு பதுக்கி வச்சான்."

"அதுக்கு நான் ஒரு தடவை கூட நன்றி சொல்லலை," என்ற வின்னியின் கழுத்து சிவந்தது.

"அடக்கு. புட்டிங்கைப் பார்த்ததும் மரியன் சிரிப்பை அடக்கினா," என்றாள் மரியன்.

"பூட்டு. வின்னி பிஸ்கட் டப்பாவைப் பூட்டி வைக்கிறா," என்றார் எட்மண்ட்.

வின்னி மணற்கடிகையைத் திருப்பிக்கூட வைக்கவில்லை. "விழுங்கு. மரியன் ஒரு மாசமா அவங்கப்பாகிட்ட ஒண்ணு சொல்ல வர்றா, விழுங்கிடுறா."

அடுத்தது கிளெக்கின் முறை. ஆனால் அவரை முந்திக்கொண்டு மரியன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "புதை. மரியன் அதைப் புதைச்சுட்டா. வரலைன்னு நாளைக்குத் தந்தி அடிக்கப் போறா."

எட்மண்ட் விரும்பியது இதுதான். கிளெக் ஞாயிற்றுக்கிழமை கடையை மூடுகிறான் என்று ஒரு சொல்லைத் தள்ளிவிட்டு அவர் காபி கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கண் மகளின் தட்டில் விழுந்தது. தட்டு காலி. அந்தத் தோலை அவள் துளி மிச்சமில்லாமல் தின்றிருந்தாள். நாய்க்குக்கூடப் போடவில்லை. ஒரு மாதமாகவே அப்படித்தான்.

அவருக்காகத் திருப்பிய கடிகையில் மணல் பாதி இறங்கியிருந்தது.

"தடு. எட்மண்ட் மகளைப் போக விடாம தடுக்குறான்."

"பொய்!" என்று மேசையைத் தட்டினார் கிளெக். "நீ எங்கப்பா தடுத்தே? வாயே திறக்கலையே! சாட்சி காட்டு."

எட்மண்ட் எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார், சட்டைக்கையை மடித்தார், சமையலறைக்குப் போனார். கூஜாவில் மாவு மிச்சமிருந்தது. கொழுப்பு புகையும் வரை காத்திருந்து ஒரே வீச்சில் ஊற்றினார். அடுப்புக் கதவை இடையில் திறந்து பார்க்கவில்லை. புட்டிங் வெளியே வந்தபோது தட்டைத் தாண்டி எழும்பி, பொன்னிறத்தில் மொறுமொறுவென்று நின்றது.

"இதான் சாட்சி," என்று மேசையில் வைத்தார்.

மரியன் புட்டிங்கைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "எங்க கத்துக்கிட்டீங்க?"

"பிரான்ஸ்ல. பட்டாளத்துச் சமையல்கட்டுல."

"அப்போ அந்தப் பதக்கம்?" என்றார் கிளெக்.

"அது எல்லாருக்கும் குடுத்தாங்க."

"அப்பா! அப்போ ஒரு மாசமா என்னை வேணும்னேதான் செருப்புத்தோல் தின்ன வச்சீங்களா?"

"ஆமா. நீயும் தின்னியே, முட்டாள் பொண்ணே." அவர் புட்டிங்கை அவள் பக்கம் தள்ளினார். "தந்தியை மாத்தி எழுது. எனக்குச் சோறு பொங்கத் தெரியும்."

மரியன் எழுந்து வந்து, மாவு படிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வின்னி பிஸ்கட் டப்பாவின் சாவியைத் தேடுவதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எட்மண்ட் ஆர்மிட்டேஜ் அன்று ஆட்டத்தில் தோற்றார் என்றும், போரில் அவர் வெறும் சமையற்காரர்தான் என்றும் கிளெக்கின் கடையில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. அவர் சொல்லைச் சொன்னபோது கடிகையில் இன்னும் மணல் மிச்சமிருந்தது. போரில் அவர் தலைமைச் சமையற்காரர். அவருக்குக் கீழே நான்கு பேர் வேலை பார்த்தார்கள்.