கட்டிலுக்கடியில் இருந்த ஸ்பேனர்

மூன்று போல்ட் கழன்றுவிட்டது. நாலாவது அசையவில்லை. அந்த ஒன்றோடு என் மனிசன் றஹீம் இரண்டு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது மாத்தளை டவுனில் ஒரு சின்ன மில். அரிசி, மிளகாய், மிளகு எல்லாம் அரைப்போம். எஞ்சின் வெள்ளைக்காரன் காலத்து டீசல் எஞ்சின். தோட்டத்து ஃபெக்டரியில் கழித்துவிட்டதை றஹீமின் வாப்பா வாங்கிப் போட்டார். அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். எண்பத்தாறாம் வருஷம் நோன்புக்கு ஆறு நாள் இருக்கும்போது, எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சின் நின்றுபோனது. ஹெட்டைத் தூக்கி, அடியில் இருக்கிற கேஸ்கெட்டை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் தூக்குவதற்கு நாலு போல்ட்டும் கழல வேண்டும்.

நோன்பு முப்பது நாளும் பள்ளிவாசலில் காய்ச்சுகிற கஞ்சிக்கு அரிசி உடைத்துக் கொடுப்பது அந்த வாப்பா காலத்திலிருந்து எங்கள் மில்தான். வெள்ளிக்கிழமை மூட்டை வரும். பள்ளிவாசல் டிரஸ்டி அப்துல் ஸமத் ஹாஜியார் வந்து எஞ்சினைப் பார்த்தார். ஏலாது என்றால் சொல்லிவிடுங்கள், கண்டி ரோட்டில் இருக்கிற கரண்ட் மில்லுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்த கரண்ட் மில் வந்ததிலிருந்து எங்கள் வாடிக்கையில் பாதி அங்கே போய்விட்டது. கஞ்சி அரிசியும் போனால் மிச்சப் பாதியும் அதன் பின்னாலேயே போகும்.

அவரிடம் இருந்த ஸ்பேனர் எல்லாம் ஜப்பான் அளவு. போல்ட்டோ இங்கிலாந்து அளவு. இருபத்துநாலைப் போட்டால் லூஸ், இருபத்துமூன்று உள்ளே போகாது. இடைவெளியில் தகரத்தைச் சொருகிச் சொருகித்தான் மூன்றைக் கழற்றினார். நாலாவதில் ஸ்பேனர் வழுக்கி, போல்ட்டின் முனைகள் மழுங்கத் தொடங்கின. அவருடைய விரல் முட்டியிலும் தோல் போனது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார், புளோலாம்பால் சூடு காட்டினார். பிடி சரியில்லாத இடத்தில் இதெல்லாம் என்ன பலனைத் தரும்? பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் ஓடியதால் வேறு பெரிய ஸ்பேனர் வைக்கவும் இடமில்லை.

டவுன் மெக்கானிக் இத்ரூஸ் வந்து குனிந்து பார்த்துவிட்டு, இதற்கு ஆறு பட்டை ரிங் ஸ்பேனர்தான் வேண்டும், பட்டையோடு பட்டை ஒட்டிப் பிடிக்கும், மழுங்கின தலையையும் விடாது, சுத்தியலால் அடித்தாலும் தாங்கும் என்றார். அந்த அளவு மாத்தளையில் நாகமுத்துவிடம் மட்டும்தான் இருந்தது, அவர்தான் இப்போது ஊரில் இல்லையே என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகமுத்து இல்லை. ஆனால் அவருடைய ஸ்பேனர் எங்கள் கட்டிலுக்கடியில் இருந்தது.

நாகமுத்து மேல் தோட்டத்து ஃபிட்டர். இந்த எஞ்சினை எங்கள் மில்லில் பூட்டித் தந்ததே அவர்தான். அந்த நாலாவது போல்ட்டை இறுக்கியதும் அவருடைய கைதான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் டவுனில் தமிழர் வீடுகள் எரிந்த அன்று, தோளில் ஸ்பேனர் பெட்டியோடு எங்கள் பின்வாசலுக்கு வந்தார். மூன்று நாள் அவரை நெல் அறையில் ஒளித்து வைத்திருந்தோம். நாலாம் நாள் வவுனியாவுக்குப் போகிற லொறியில் ஏறினார். பெட்டி கனம், கொண்டுபோக முடியாது. "நானே வந்து எடுத்துக்கிறேன் நானா" என்றார், எங்கள் வழக்கில் அண்ணனை அழைப்பது போல. றஹீம் அதை அமானிதமாக ஏற்றுக்கொண்டார்.

அமானிதம் என்றால் எங்களுக்குள் லேசான காரியம் இல்லை. நம்பிக் கொடுத்த பொருளை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். உடையவரைக் கேட்காமல் பாவிக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு வாய் நீளம். கொடியில் காய்ந்த என் நீலச் சேலை காணாமல் போனதற்காக, பக்கத்து வீட்டு றமீஸாவோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவள் நான். மூன்று வருஷமாக அந்தப் பெட்டியைத் தள்ளித் தள்ளித்தான் கூட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் நாகமுத்துவுக்குத் திட்டு விழும். இரும்பை நம் தலையில் கட்டிவிட்டுப் போனவன் ஒரு கடதாசி போட்டானா, நன்றி கெட்டவன் என்று.

அன்று நான் விடவில்லை. ஒரே ஒரு போல்ட், கழற்றிவிட்டுத் துடைத்து வைத்துவிடலாம், யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டேன். ஆளைக் கேட்காமல் தொட மாட்டேன் என்றார். ஆளை எங்கே போய்க் கேட்பது என்றேன். நாளைக்கு உளியைத் தீட்டிப் போல்ட்டின் தலையை வெட்டப் போவதாகச் சொன்னார். ஹெட் வார்ப்பிரும்பு. உளியடி தப்பி வெடித்தால், இந்த நாட்டில் வேறு ஹெட் கிடையாது. மில்லை இழுத்து மூட வேண்டியதுதான்.

காலையிலேயே முதல் பஸ்ஸில் மேல் தோட்டத்துக்குப் போனேன். நாகமுத்துவின் தங்கச்சி நல்லம்மா அங்கே தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கிற லயத்தில் இருக்கிறாள். அண்ணனுக்குப் பதிலாக அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் மனிசன் கேட்பார் என்று நினைத்தேன். அவள் வாசலில் சாக்கு விரித்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் நின்றது, போல்ட் மழுங்கினது, உளி, கஞ்சி அரிசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அதோடு நிறுத்தினேனா? உன் அண்ணன் ஒரு கடதாசி போட்டிருந்தால் எனக்கு இந்த மலை ஏறுகிற வேலை இருந்திருக்காது என்றும் சொன்னேன்.

அவள் கை நின்றது.

"அண்ணே இல்லக்கா. போன வருசம் ஆடி மாசமே போயிருச்சு."

வவுனியாவில் கராஜ் வேலை முடிந்து திரும்பும்போது ரோட்டில் சுட்டுவிட்டார்களாம். யார் என்று யாருக்கும் தெரியாது. கராஜ் முதலாளியின் கடதாசி வந்து சேரவே ஒரு மாதம் ஆனதாம். அங்கேயே எரித்துவிட்டார்களாம். அவள் இதையெல்லாம் மிளகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா பெட்டிய என்கிட்ட குடுத்துருவீங்க. அது ஒங்க வீட்டுல இருக்குற வரைக்கும், அண்ணே வந்து எடுக்கும்னு ஒரு பேச்சு இருக்குல்லக்கா."

நான் அந்தச் சாக்கிலேயே உட்கார்ந்து அழுதேன். செத்துப்போன மனிதனையா ஒரு வருஷமாக விளக்குமாற்றோடு நின்று திட்டியிருக்கிறேன்? நல்லம்மாதான் என் தோளைத் தட்டி எழுப்பினாள். மிளகைப் பக்கத்துக் காம்பரா வீட்டில் ஒப்படைத்துவிட்டு என்னோடு பஸ் ஏறினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது றஹீம் உளியை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தார். நல்லம்மா நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவர் உளியைக் கீழே வைத்தார். "இன்னா லில்லாஹி" என்றார். எஞ்சின் மேடையில் உட்கார்ந்து கட்டியிருந்த சாரத்து முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டியக் கொண்டாங்க நானா" என்றாள் நல்லம்மா.

இழுத்துக்கொண்டு வந்தோம். பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை அவள்தான் அவிழ்த்தாள். மூன்று வருஷம் தரை ஈரத்தில் கிடந்த பெட்டி, உள்ளே எல்லாம் துருவேறித்தான் இருக்கும், இவளுக்கு முன்னால் மானம் கெடப்போகிறோம் என்று எனக்குப் பயம். மூடியைத் திறந்தால், ஒவ்வொரு ஸ்பேனரும் எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, அடுக்கி இருக்கிறது. ஒரு பொட்டுத் துரு இல்லை. சுற்றியிருந்த துணி என் நீலச் சேலை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். நான் உம்மா வீட்டுக்குப் போகிற நாட்களில் எல்லாம் இந்த வேலை நடந்திருக்கிறது.

"துருப் பிடிக்க விட்டா அது என்ன அமானிதம்?" என்றார் மெதுவாக.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகையும் வந்தது, இரண்டும் ஒன்றாக. கையில் எடுத்திருக்கிறீர்கள், எண்ணெய் போட்டிருக்கிறீர்கள், அதையே எடுத்து அந்தப் போல்ட்டில் மாட்ட உங்களுக்கு என்ன கேடு என்று கத்தினேன்.

"எண்ணெ போட்டது அவருக்கு, நூரு. கழட்டுறது எனக்கு."

நல்லம்மா அந்த நீலத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு எது வேண்டும் என்று கேட்டாள். அவர் தொடாமல் விரலால் காட்டினார். அவள் ரிங் ஸ்பேனரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "நான் குடுக்குறேன் நானா. எடுத்துக்கங்க."

ஸ்பேனர் போல்ட்டில் பானைக்கு மூடி போல உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. பிடி நுனியில் சுத்தியலால் ஒரு தட்டு, இரண்டு, மூன்று. நாலாவதில் டக்கென்று ஒரு சத்தம். பிறகு போல்ட் கைக்கே சுழன்று வந்தது. இரண்டு நாள் ரத்தம் குடித்த போல்ட் இவ்வளவு லேசாகவா வர வேண்டும் என்று எனக்கு அதன்மேலும் ஆத்திரம்.

வியாழன் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு எஞ்சின் ஓடியது. வெள்ளிக்கிழமை மூட்டை வந்தது. முதல் நோன்புக் கஞ்சியில் ஒரு வாளி நல்லம்மாவின் லயத்துக்கும் போனது. றமீஸா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். சேலை எங்கே கிடைத்தது என்று மட்டும் சொல்லவில்லை.

போல்ட் கழன்ற அன்று நல்லம்மா போகும்போது பெட்டியை எடுத்துப்போகச் சொன்னோம். மாட்டேன் என்றாள். இங்கேயே இருக்கட்டும், ஆனால் கட்டி வைக்காமல் பாவியுங்கள் என்றாள். இப்போது அது கட்டிலுக்கடியில் இல்லை, எஞ்சினுக்குப் பக்கத்தில் மூடி திறந்தபடி இருக்கிறது. கயிற்றைக் கிணற்று வாளிக்குக் கட்டிவிட்டேன்.

றஹீம் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் குனிந்து கையை நீட்டுவதற்கு முன், "நாகமுத்து அண்ணே, எடுக்குறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறார். நான் இப்போது வாய் திறப்பதில்லை.