மூக்குச் சிரிப்பு

கடத்தல் படம் எடுக்கிறவர்களுக்குக் கயிறு என்றால் கொள்ளை ஆசை. இந்தப் படத்திலும் கதாநாயகியை நாற்காலியோடு சேர்த்து வரிந்து கட்டியிருந்தார்கள். வாயில் பிளாஸ்திரி, தலைக்கு மேலே ஆடுகிற ஒற்றை பல்பு, எங்கேயோ சொட்டுகிற தண்ணீர். டப்பிங் அறையில் மைக் முன்னால் நின்று அந்தப் பெண்ணுக்காக மூச்சிரைத்துக்கொண்டிருந்த மைனாவுக்கு எரிச்சலோடு சிரிப்பும் வந்தது. நிஜத்தில் மைனாவை அடைத்து வைத்திருந்த அறையில் கட்டில் இருந்தது, மின்விசிறி இருந்தது, துவைத்த தலையணை உறைகூட இருந்தது. கதவுக்கு வெளியே ஒரு பூட்டு, அவ்வளவுதான்.

மைனா என்பது ஸ்டுடியோவில் வைத்த பெயர். யார் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், கம்பெனி மேனேஜர் ஒருவன் வெளியூரில் ரெக்கார்டிங் என்று சொல்லிக் காரோடு வந்தான். யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை, வேனில் தூக்கிப் போடவில்லை. இவளே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "வணக்கம் சார்" வேறு. அதற்குப் பிறகு மாசக்கணக்கில் அந்த மாடி அறை. குழாய் ஒழுகுகிறது என்று பார்க்க வந்த பிளம்பர் மட்டும் போலீசுக்குச் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் அங்கேதான் கிடந்திருப்பாள்.

வழக்கு இப்போது ஒரே ஒரு போன் அழைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்து வைத்த புதிதில் மேனேஜர் அவளை வீட்டுக்குப் பேச வைத்தான். "உங்கண்ணன் எந்த பஸ்ல ஏறுறான், எங்க இறங்குறான்னு எனக்குத் தெரியும். பாத்துப் பேசு" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தான். "நான் நல்லா இருக்கேன்மா, நானாத்தான் வந்தேன், தேடாதீங்க" என்று அவள் பேசியதைப் பதிவு செய்தும் வைத்துக்கொண்டான். பேச்சு அத்தனை இயல்பாக இருந்தது. தொழில் அப்படி. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் போட்டுக் காட்டி, இது மிரட்டப்பட்ட பெண்ணின் குரலா என்று கேட்டுவிட்டார்.

ஆனால் அந்தப் பேச்சில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. பல வருடம் ஓடிய ஒரு சீரியலில் பொய்யே மூச்சாக வாழ்ந்த மருமகளுக்கு மைனாதான் குரல். ஒவ்வொரு பொய்க்கும் முன்னால் மூக்கால் ஒரு சிரிப்பு வைப்பாள். அது இவளாகக் கண்டுபிடித்தது. டிவியில் அது கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்தே "வருது பாரு பொய்!" என்று குரல் கொடுப்பாள். பிறகு அது வீட்டு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. அண்ணன் தாமதமாக வந்து சாக்குச் சொல்லும்போது அம்மாவே மூக்கால் சிரித்துக் காட்டுவாள். அந்தச் சிரிப்பைத்தான் மைனா போனில் வைத்தாள். வைத்துவிட்டு வாசல் பக்கமே காதாக உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. அம்மாவுக்கு அன்றைக்குக் கேட்டிருக்காது, போன் சரியில்லை, பதற்றம் வேறு என்று இரண்டு வருடமாகத் தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அம்மா கூண்டில் ஏறி, இப்படி ஒரு சிரிப்பு வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம்தான் என்று மட்டுமாவது சொன்னால் வழக்கு நிலைக்கும். இல்லாவிட்டால் அவன் கையை வீசிக்கொண்டு போய்விடுவான் என்று அரசு வக்கீலம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

"மேடம், அடுத்த சீன்" என்றார் இயக்குநர். அவருக்கு மைனாவின் கதை தெரியாது. "பொண்ணு வீட்டுக்குப் போன் பண்றா. கழுத்துல கத்தி. நல்லா இருக்கேன்னுதான் சொல்றா, ஆனா அம்மாவுக்கு மட்டும் புரியணும். ஏதாவது ஒண்ணு குடுங்க, பாப்போம்."

மைனா யோசிக்கவே இல்லை. அது தானாக வந்து விழுந்தது. மூக்கால் ஒரு சிரிப்பு, பிறகு வசனம்.

இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதுதான் மேடம்! இதைக் கேட்டா எந்த அம்மாவுக்கும் புரிஞ்சிடும். புரியலன்னா அவ அம்மாவே இல்ல!"

விஷயம் தெரிந்த சவுண்ட் இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டு பட்டன்களைத் துடைத்தார். திரையில் அந்த அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் செருப்புகூடப் போடாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். அந்தச் சீரியலை வாழ்க்கையில் பார்த்திராத இந்த இயக்குநருக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மைனா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மா, அன்னைக்குப் போன்ல நான் சிரிச்சேனே, உனக்குக் கேட்டுச்சா?"

"நாளைக்குக் கோர்ட்டு. இப்பப் போய் எதுக்குடி அதெல்லாம்?"

"கேட்டுச்சா, இல்லையா?"

அம்மா பட்டாணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கேட்டுச்சு."

மைனா பையோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போனை வச்சதுமே உங்கண்ணன்கிட்ட சொன்னேன்டி. அவ பொய் சொல்றாடா, யாரோ சொல்ல வைக்கிறாங்கடான்னு அழுதேன். அவன்தான், கல்யாணத் தேதி குறிச்சாச்சு, போலீசு கேசுன்னு போனா பொண்ணு வீட்ல நிறுத்திடுவாங்க, கல்யாணம் முடியட்டும், மறுநாளே போயிடலாம்னான்."

"மறுநாள் போனியா?"

"மறுநாள் போனா, இத்தனை நாள் எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்களே."

கல்யாணத்துக்கு வந்தவர்களிடம், தங்கைக்கு வெளியூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இதை அவள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தாள். தான் அடைபட்டிருந்தது தெரியாமல் சொன்னார்கள் என்று நினைத்திருந்தாள். அண்ணன் உயிருக்குப் பயந்து அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள். அவனோ அது பொய்யென்று தெரிந்தே கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தான். எதிரில் இருந்த பாத்திரத்தை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. நாளைக்கு இந்த அம்மா வேண்டும்.

"மத்ததை நான் எப்பவுமே கேக்க மாட்டேன். கல்யாணத்தைப் பத்தி யாரும் பேசப் போறதில்ல. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இருக்குன்னு மட்டும் சொல்லிடு, அம்மா."

"சொல்றேன்டி. பெத்தவ சொல்லாம வேற யாரு சொல்லுவா?" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பேச்சில் பொய் இருந்ததாக மைனாவுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் அண்ணனும் அண்ணியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுக்கு அப்போதே எல்லாம் தெரியும் என்பது அண்ணிக்குத் தெரியாது. பாவம், ஒத்தாசைக்கு இருக்கட்டும் என்று பெரிய மனசு பண்ணி வந்திருந்தாள். சின்ன ஸ்பீக்கரில் பதிவைப் போட்டார்கள். சிரிப்பு தெளிவாகக் கேட்டது. எழுதிக்கொண்டிருந்த நீதிபதிகூட நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தச் சிரிப்பைக் கேட்டதும் உங்களுக்கு என்னம்மா தோணுச்சு?" என்று கேட்டார் அரசு வக்கீலம்மா.

அம்மா மைனாவைப் பார்த்தாள். பிறகு அவளைத் தாண்டிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

"ஒண்ணும் தோணலைங்க. எப்பவும் போலத்தான் பேசினா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. வீட்ல அந்தச் சிரிப்புக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க." போதாதென்று, யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். "சந்தோஷமா இருக்கற மாதிரிதான் இருந்துச்சு."

வக்கீலம்மா பேனாவை மூடினார். எதிர்த்தரப்பு வக்கீல், குறுக்கு விசாரணை எதுவும் இல்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

வராந்தாவில் அம்மா ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்தாள். "அண்ணி உக்காந்திருந்தாடி. அவ முன்னாடி எப்படி வாயைத் திறக்கறது? மாசமா வேற இருக்கா. அடுத்து, ஏன் அப்பவே சொல்லலன்னு கேட்டிருந்தா?"

இத்தனை நாள் மைனாவுக்கு வெறுக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. பெற்றவளை வெறுப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் வந்துவிட்டது.

அப்போது மேனேஜர் தன் வக்கீலோடு வெளியே வந்தான். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. அவர்களைக் கடக்கும்போது நின்று, அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்கம்மா" என்றான்.

அம்மாவும் கும்பிட்டாள்.