ஒயில் மூடி

வீடு முழுவதும் ஒயில் நாற்றம். சோற்றில்கூட.

கார் என் மனைவி நிஷாந்தினியுடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். ஸ்பிரிங்வெளியில் ஒரு பங்களாவின் பின்னால் கோழிகள் அடையும் கூடாகக் கிடந்ததை ஆசைப்பட்டு வாங்கினாள். ஐப்பசியில் அது ஒழுகத் தொடங்கியது. மார்கழியில் அவள் காய்ச்சலில் இறந்தாள். அது ஒழுகிக்கொண்டே இருந்தது.

பண்டாரவளை ரிப்கான் அதை வாங்கச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை.

"அடியில காட்போட் போட்டு வெய்ங்க சேர். ஞாயித்துக்கெழம வந்து பாப்பன். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் எனக்கு வாணாம்."

இந்தச் சனியன் வீட்டைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

பெரகலயிலிருந்து மெக்கானிக் தினேஸ் வந்தான். என்ஜினில் வழிந்திருந்ததை விரலால் தொட்டு மோந்து பார்த்தான். அந்த விரலை என் வாசற்கதவில் துடைத்தான்.

"ஆளு போனதுல இருந்து வண்டியும் அழுவுது சேர்."

அவனே சிரித்தான். நான் கதவைப் பார்த்தேன்.

மேல் மூட்டை அடைக்கப் புதுக் கேஸ்கட் போட்டான். அடித்தட்டில் ஒழுகியது. அங்கே சிலிக்கன் பசையை அப்பினான். அது மூக்குச்சளிபோல இருபுறமும் பிதுங்கி நின்றது. பிறகு பின்பக்கம் ஒழுகியது.

"ஒண்ண அடைச்சா இன்னொண்ணு தொறக்குது. எங்க மாமியா வாயி மாதிரி."

தேநீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவன் வரவே இல்லை.

சனிக்கிழமை நானே இறங்கினேன். என்ஜினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்தேன். ஒழுகும் இடம் தெரிய மேலே பவுடர் தூவ வேண்டும். வீட்டிலிருந்தது நிஷாந்தினியின் பவுடர். அதைத் தூவி என்ஜினை ஓடவிட்டேன். எல்லா மூட்டுகளிலும் ஒரே நேரத்தில் வெள்ளை கறுத்தது. சூட்டில் பூ வாசனையும் ஒயிலும் கலந்து எழுந்தன. முற்றத்துச் சாக்கடைக் கானில் குனிந்து வாந்தி எடுத்தேன்.

வாயைக் கழுவியபின் யோசித்தேன். எல்லாக் கேஸ்கட்டும் ஒன்றாகக் கெட்டுப்போகாது. உள்ளே காற்று முட்டுகிறது. வெளியேற வழியில்லாமல் ஒயிலைத் தள்ளுகிறது.

ஒயில் ஊற்றும் மூடியின் நடுவில் காற்றுப் போக ஒரு சிறு ஓட்டை உண்டு. அதில் ஏதோ அடைந்து இறுகியிருந்தது. ஊக்கால் கிண்டினேன். காதழுக்குபோல உருண்டு வந்தது. வெளியே கறுப்பு, உள்ளே மஞ்சள். எவனோ அப்பிய பசை என்று நினைத்தேன். விரலில் ஒட்டியதைக் கந்தையில் வழித்து அதைக் கானில் எறிந்தேன். மூடியைக் கழுவித் துடைத்துப் பூட்டி, மறுபடி என்ஜினை ஓடவிட்டேன்.

இரவு மழை பெய்தது. காலையில், வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் காருக்கடியில் போட்ட காட்போட் காய்ந்து கிடந்தது.

ரிப்கான் முழங்காலிட்டுத் தடவிப் பார்த்தார். "அட! எப்பிடி சேர் நிப்பாட்டினீங்க?"

"மூடி அடைச்சிருந்திச்சு."

அப்போது என் மாமியார் விஜயலெட்சுமி வந்தார். கையில் சந்தனக் கிண்ணம்.

"வண்டிய வெறுமனே அனுப்பக் கூடாது மாப்புள்ள. தம்பி, நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

"வெய்ங்கம்மா. ஊட்டுக்குப் போய்க் கழுவிக்கிறன்," என்றார் ரிப்கான்.

மாமியார் ஸ்டியரிங்கில் பொட்டு வைத்தார். டயர்களில் வைத்தார்.

"பொனட்டத் தொறங்க."

"என்ஜினுக்கு எதுக்கு அத்தே?"

"ஆயுத பூசைக்கு நிஷாந்தினி பாப்பா அந்த மூடியிலதானே மொதப் பொட்டு வச்சா. நட்ட நடுவுல, நெத்தியில வைக்கிற மாதிரி. கொழச்ச சந்தனம் பூராத்தையும் அதுலயே அப்புனா."

பொனட்டைத் திறந்தேன். மூடி பளபளவென்று இருந்தது.

"தொடச்சிட்டீங்களா?"

அவருடைய விரல் மூடியை நோக்கி நீண்டது. மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அதுல வேணாம்."

"ஏன்?"

"அது மூச்சு விடுற எடம். அடைச்சா மறுபடி ஒழுகும். பக்கத்துல வைங்க."

என் முகத்தைப் பார்த்தபடியே பக்கத்தில் வைத்தார். பொட்டு கோணலாக விழுந்தது.

கார் இறக்கத்தில் இறங்கிப் போனது. மாமியார் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கானுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. வாந்தியும் இல்லை, கந்தையும் இல்லை.

விரலை மோந்தேன். ஒயில் மட்டும்தான் நாறியது.