மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்

வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்த சேதி கேட்டு அன்று மாலையே பாண்டியராஜ் அரவேணுவுக்கு வந்துவிட்டான். சுகுணாவின் அண்ணன். குன்னூரில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளன்.

“எங்க, படிங்க மாப்ள.”

சுகுணாவின் புருஷன் ரவிச்சந்திரன் எழுத்துக் கூட்டாமல் படித்தான். “அலுவலக உதவியாளர். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. வயசு முப்பத்தஞ்சுக்குள்ள. மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.”

“மிதிவண்டின்னா சைக்கிளுங்களா?” என்றாள் சுகுணா.

அரவேணுவில் சைக்கிள் வைத்திருப்பவர் எவருமில்லை. ஏற்றத்தில் ஆள் அதைச் சுமக்க வேண்டும். இறக்கத்தில் அது ஆளைப் பள்ளத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

“அண்ணா, நீ ஆபீசுக்கு சைக்கிள்லயா போற?”

“சேந்து பதினோரு வருசமாச்சு, தொட்டதுகூட இல்லே. ஆபீசுல சைக்கிளே கெடையாது.”

“அப்புறம் எதுக்குக் கேக்கறாங்க?”

“கவர்மெண்டு. கேக்கும்.”

ரவிச்சந்திரன் பதினாறு வருஷம் ஒரு தனியார் தேயிலை பேக்டரியில் இருந்தவன். பச்சை இலை கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கியதும் தோட்டக்காரர்கள் பறிப்பதை நிறுத்தினார்கள். பேக்டரி மூடி எட்டு மாதம். கடைசி மூன்று மாதச் சம்பளத்துக்குத் தேயிலைத் தூள்தான் கொடுத்தார்கள். எல்லார் வீட்டிலும் தூள் இருக்கிற ஊரில் அதை யார் வாங்குவார்கள்? சுகுணாவுக்கு எஸ்டேட்டில் வாரத்தில் இரண்டு நாள் கூலி. கூட வேலை செய்தவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். இவன் மட்டும் போகவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. வயது வரம்பு முடிய நான்கு மாதம் இருந்தது.

“திருப்பூர்ல என்னதான் தர்றாங்களாம்?” என்றான் பாண்டியராஜ்.

“வாரத்துக்கு அறுநூறு. பன்னெண்டு மணி நேரம் நிக்கோணும். ரூமுக்கு எட்டுப் பேரு. ஒரு நாள் படுத்தா அன்னைக்குக் கூலி இல்லே.”

“எனக்கு மாசம் நாலாயிரத்து எரநூறு. அதைக்கூட உடுங்க. போன மாசம் காய்ச்சல்ல ஒம்பது நாள் படுத்தேன். சம்பளம் முழுசா வந்துச்சு.”

“படுத்ததுக்குமா?”

“மெடிக்கல் லீவு மாப்ள.”

“பேக்டரி ரோலர்ல எனக்கு வெரல் மாட்டுச்சே மச்சான், அப்ப ரெண்டு நாள் படுத்தேன். ரெண்டு நாள் சம்பளத்தையும் புடிச்சுட்டாங்க.”

“நின்னு செய்யறவருக்கு அது. ஒக்காந்து செய்யறவருக்கு இது” என்றாள் சுகுணா.

“ஒக்காந்தா? எனக்கு பெஞ்சு இருக்குது புள்ள, ஒக்கார உடறதில்லே. மணி அடிச்சுட்டே இருக்கறானுங்க. ஆனா ஒண்ணு, நாஞ் செத்தாலும் ஊட்டுக்குப் பென்சன் வரும்.”

“வாயைக் கழுவுண்ணா.”

பாண்டியராஜ் மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய சைக்கிளை வாங்கி பஸ் கூரையில் போட்டு அனுப்பினான். ஓட்டிப் பழகச் சமமான இடம் வேண்டுமே. ரோட்டில் ஒரு தரம் முயன்று முழங்கைத் தோல் போயிற்று. கடைசியில் மூடிக் கிடந்த பேக்டரியின் காவலாளி ஆறுச்சாமி இலை வாடப்போடும் மேல் மாடியைத் திறந்துவிட்டார். இரண்டு பக்கமும் நீளத் தொட்டிகள், நடுவே கூடையோடு ஓர் ஆள் போகிற அளவுக்கு நடை.

“ஏப்பா ரவி, வண்டி ஓட்டறயா, மாட்டை இழுத்துட்டுப் போறயா?”

“சிரிங்க. நாளைக்கு ஆபீசுக்கு வந்தா வெளிய நிக்க வெப்பேன்.”

“இப்ப மட்டும் என்ன, உள்ளயா உடறாங்க!”

மூன்று வாரத்தில் நூல் பிடித்தாற்போல் ஓட்டினான். சுவர் வந்ததும் இறங்குவான். பின்சக்கரத்தைத் தூக்கித் திருப்பி வைத்து மறுபடி ஏறுவான். சுகுணா ஒரு நாள் வந்து பார்த்தாள்.

“ஏனுங்க, ஏறுன வாக்குலயே திரும்பறதில்லீங்களா?”

“எடம் எங்க இருக்குது? நேராப் போக வந்துருச்சில்ல, திரும்பறது தானா வரும்.”

தேர்வு ஊட்டியில் ஒரு மைதானத்தில். இரண்டு இடத்துக்கு நூற்றிருபது பேர். இவனுக்கு முன்னால் நின்ற பையன் பி.காம்.

“பி.காம். படிச்சுட்டு பியூன் வேலைக்காப்பா?”

“கம்பெனியில ஆயிரத்தி முந்நூறு தர்றாங்கண்ணா. அதுவும் எப்ப நிறுத்துவாங்கன்னு தெரியல.”

மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு தார் டிரம் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கால் தரையில் பட்டால் போயிற்று.

அவர்கள் வைத்திருந்த சைக்கிளில் ரவிச்சந்திரன் ஏறினான். வண்டி துளியும் ஆடவில்லை. வேலிக்கு வெளியே நின்ற சுகுணா பார்த்துக்கொண்டிருந்தாள். டிரம் வந்தது. அவன் இறங்கினான். பின்சக்கரத்தைத் தூக்கித் திருப்பி வைத்தான். ஏறி, அதே போல் நேராக, முகம் மலர வந்து அதிகாரியின் மேசை முன்னால் நிறுத்தினான்.

“கால் பட்டுதேப்பா” என்றார் அதிகாரி.

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

“சார், பழக்கத்துல எறங்கிட்டனுங்க. இன்னொரு தடவை...”

“உனக்குக் குடுத்தா அத்தனை பேருக்கும் குடுக்கணும்.”

“நேரா எவ்வளவு தூரம்னாலும் போவனுங்க சார்.”

“ஊட்டியில எந்த ரோடுப்பா நேரா இருக்கு?” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

வேலிக்கு வெளியே சுகுணா கேட்டாள்: “அடுத்த கார்டு எப்பங்க வரும்?”

“இதுக்கே பதினஞ்சு வருசமாச்சு.”

மேட்டுப்பாளையம் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். கோத்தகிரி தாண்டியதும் சுகுணா சொன்னாள்:

“அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கறேன். காத்துல வண்டி சாஞ்சுருச்சுன்னு சொல்றேன்.”

“சாயலைன்னு சொல்லு. நல்லாத்தான் ஓட்டுனேன்.”

அரவேணுவில் பஸ் நின்றது. சுகுணா இறங்கித் திரும்பிப் பார்த்தாள். அவன் சீட்டிலேயே இருந்தான்.

“ஏனுங்க, நம்மூரு வந்துருச்சு. எறங்குங்க.”

“உனக்குத்தான் இங்க வரைக்கும் டிக்கெட் எடுத்தேன். எனக்கு மேட்டுப்பாளையம். அங்கிருந்து திருப்பூருக்கு பஸ் இருக்குது.”

“இன்னைக்கேவா? மாத்துத் துணிகூட இல்லாம?”

“ஊட்டுக்கு வந்தா போக மாட்டேன் சுகுணா.”

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஸ்வெட்டரைக் கழற்றி வெளியே நீட்டினான்.

“இதை வெச்சுக்க. கீழ வெய்யலு. எலை பறிக்கப் போறப்ப நீ போட்டுக்க.”

“ஏம்மா, கம்பியை உடு, வண்டி கௌம்போணும்” என்றார் கண்டக்டர்.