ஈர்ப்பு மிகுந்த வீடு

உச்சியை எட்டிய கதிரவன் இனிச் சாய்வதா சற்றே நிற்பதா என்று தயங்கும் வேளையில், வெயிலை வெளியே நிறுத்தித் தண்மையை உள்ளே வளர்க்கும் உயர்சுவர்களும், அடியெடுத்து வைப்போரின் காலோசையை அவர்க்கே திருப்பிச் சொல்லிக் கேலி செய்யும் நெடிய நடைவழியும் கொண்ட பல்கலைக்கழகம் ஒன்றின் நேர்காணல் அறைவாயிலில், அறிவுசால் வாசகரே, தையற்காரி ஒருத்தி அமர்ந்திருந்தாள். இயற்பியல் பயில எஞ்சியிருந்தது ஓரிடம். அகவை வரம்போ அவளுக்கு இவ்வாண்டோடு முடிகிறது.

நூலில் தொங்கிய கத்தரிக்கோல் ஆடக் கண்டு, அகன்று ஆடினும் குறுகி ஆடினும் ஏறத்தாழ ஒரே நேரம் கொள்வதேன் என்று வியந்தவள், நூலகத்து ஏடுகளிலும், அறிஞர்கள் கட்டணமின்றித் திறந்துவைத்த இணைய ஆய்வுத் தொகுப்புகளிலும் விடை தேடி, புரியும்வரை படித்து, புரிந்தபின் ஐயுற்று மீண்டும் படித்து, இறுதியில் தன் கூடத்திலேயே இரும்புக் குண்டொன்றை நூலில் கட்டி ஊசலாகத் தொங்கவிட்டாள். பல திங்கள் ஒழுங்காய் ஆடிய அவ்வூசல் ஒருநாள் திடுமென விரைந்தாடத் தொடங்கிற்று. கணக்கிட்டால், புவியீர்ப்பு அவள் வீட்டில் மட்டும் மிகுந்திருந்தது! இதற்கு நிகரான செய்தி வேறெங்கேனும் உண்டோ என்று ஆய்வுரைகளைச் சல்லடையிட்டுச் சலித்தும் காணாமையால், தானே முதலில் கண்டதாகத் துணிந்து, அதனையே கட்டுரையாக்கி விண்ணப்பத்தோடு அனுப்பியிருந்தாள்.

உடன்வந்திருந்த கணவனோ, எவ்வாயிலிலும் குனிந்தே நுழைந்து பழகிய நெடியவன், அக்கட்டுரையின் வரைபடத்தை அப்போதுதான் உற்றுநோக்கித் தேள் கொட்டிய திருடனைப்போல் விழித்தான்.

“இங்க திடீர்னு மேல ஏறுதே... அது நான்தான்.”

“என்னங்க சொல்றீங்க?”

“அந்தக் குண்டு தினமும் மண்டையில இடிச்சுது. நூலைக் கொஞ்சம் தூக்கி முடிச்சுப் போட்டேன். நீ கவனிக்க மாட்டேன்னு நெனச்சேன்.”

“நான் கவனிக்கலை. ஊசல் கவனிச்சிருச்சு.”

பழகிய வாடிக்கையாளரின் இடுப்பையும் நம்பாது ஒவ்வொரு முறையும் அளப்பவள், தன் வீட்டு நூலை மட்டும் ஒரே முறை அளந்து நம்பியிருந்தாள். நொந்துகொள்ளவும் பொழுதின்றிக் கதவு திறந்தது.

பேராசிரியர் மூவரின் நடுவிலிருந்த தலைவி, ஈர்ப்பு கூடியதாக இன்னும் சொல்கிறீர்களா என்று கேட்டார். ‘ஆம்’ என்னும் ஒற்றைச் சொல் அவள் நாநுனியில் தேன்துளியாய்த் தொங்கிற்று. அதனை விழுங்கினாள், கசந்தது.

“இல்லைங்க. நூல்தான் குறைஞ்சிருக்கு. தலையில இடிக்குதுன்னு வீட்டுக்காரர் சுருக்கிட்டார். இப்பத்தான் வெளியில சொன்னார்.”

“எவ்வளவு சுருக்கினார்?”

“கேக்கலைங்க. என் அளவெல்லாம் சரியா இருந்தா, அதுவே சொல்லணும்.”

எழுதுகோலை எடுத்து, ஊசலின் பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் கொண்டு குறைந்த நீளத்தைக் கணக்கிட்டு, நான்கு விரற்கடை என்று எழுதித் தாளை நீட்டினாள். தலைவி அதனைக் கவிழ்த்து வைத்துக் கணவனை அழைத்தார். தூக்குமேடை ஏறுவான்போல் நுழைந்தவன், கேள்வியைக் கேட்டதும் கட்டைவிரலை மடக்கி, எஞ்சிய விரல்களைச் சேர்த்துக் காட்டினான்.

பின்னர்த் தலைவி தாளை நிமிர்த்தினார்.

“சேந்ததும் முதல் வேலையா நூலை அளங்கம்மா.”

நடைவழிக்கு வந்ததும், அத்தனை திங்களாய்க் கண்டும் காணாதிருந்த அவன் நெற்றித் தழும்பை அவள் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். உலகை அளக்கப் புகுவோர், உடனுறைவோரின் தலையுயரத்தை முதலில் அளந்துகொள்வது நன்று.