நானோ நூலுக்கு ஒரு பார்லர் டிரையர்

பதினோரு மணிக்குச் சக்கரபாணி வருகிறார். பத்து மணிக்குக் கார்குழலியின் இயந்திரம் நூலுக்குப் பதிலாக எச்சில் துப்பிக்கொண்டிருந்தது.

நானோ நூல் என்பது, தலைமுடியை நீளவாக்கில் நானூறாகக் கிழித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. பாலிமர்க் கரைசலை ஊசிமுனையில் வைத்து முப்பதாயிரம் வோல்ட் கொடுத்தால் அது சீறிப் பாய்ந்து நூலாகும். ஆனால் ஓர் ஊசிக்கு மணிக்கு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவுதான் தேறும். கார்குழலி ஊசியைக் கடாசிவிட்டுச் சைக்கிள் ரிம்மைப் பிடித்தாள். கரைசலில் முங்கிச் சுழலும் ரிம்மின் விளிம்பெல்லாம் நூல் கிளம்பியது. மின்சாரத்துக்குப் பழைய கலர் டிவியின் பாகம். எல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், லாஸ்பேட்டையில் ஒரு ஷெட்டில்.

சக்கரபாணி கோயம்புத்தூரில் காற்று வடிகட்டி செய்கிறவர். வெளிநாட்டு இயந்திரத்துக்கு நாளைக்குக் கையெழுத்துப் போட இருந்தவரை, “பத்து மீட்டர் துணி உங்க கண்ணெதிர ஓட்டிக் காட்டுறேன் சார்” என்று போனில் மடக்கியிருந்தாள். இன்று கோட்டை விட்டால் அவ்வளவுதான்.

நேற்று வெண்ணெயாக வந்த துணியில் இன்று சொட்டு சொட்டாகப் புள்ளிகள். கார்குழலி குனிந்தாள். தரை ஈரம். ஜன்னல்களில் நனைந்த கோணிகள்.

“யாரு மேஸ்திரி தண்ணி ஊத்துனது?”

“நான்தான் பாப்பா” என்றார் அரிகிருஷ்ணன், பெருமையாக. “விடிஞ்சதும் வந்து பத்து கொடம் ஊத்துனேன். பெரிய மனுசன் வர்ற நாளு. நூலு அறுந்தா நமக்குத்தான அசிங்கம்?”

முப்பது வருஷம் மில்லில் பஞ்சு நூற்றவர்; இப்போது அவளுக்கு உதவி. பஞ்சு நூல் காய்ந்தால் அறும்; ஈரத்தில் நிற்கும். இங்கே கதை தலைகீழ். காற்றில் ஈரம் ஏறினால் கரைசல் காயாமல் சொட்டாகிவிடும். அவள் சொன்னதும் மேஸ்திரியின் முகம் தொங்கியது. ஒரு நிமிஷம்தான்.

“மில்லுல மத்தியானச் சூட்டுக்குப் பயந்துதான் தண்ணியே தெளிப்போம். பொட்டிக்குள்ள மட்டும் சூடு காத்து ஊதுனா ஈரம் தானா எறங்கிடுமே, பாப்பா.”

இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சரிதாவின் பியூட்டி பார்லர். அங்கே தலைக்குமேல் கவிழ்த்து முடி உலர்த்தும் டிரையர் ஒன்று, ஸ்டாண்டோடு. கார்குழலி ஓடினாள்.

“நிச்சயதார்த்தப் பொண்ணு ஈரத்தலையோட உக்காந்திருக்கு. பன்னெண்டு மணிக்கு மோதிரம் போடணும்” என்றாள் சரிதா.

“ஒரு மணி நேரம்க்கா.”

“பத்து நிமிஷம்.”

“முக்கா மணி. உன் ஏசிக்கு நானோ ஃபில்டர் சும்மா போட்டுத் தர்றேன்.”

“ரெண்டு ஏசிக்கு.”

“ஒண்ணுதான இருக்கு?”

“வாங்கப் போறேன்ல.”

டிரையர் பெட்டியின் பின்வாயில் உட்கார்ந்தது. ஈரமானி எண்பத்தைந்திலிருந்து சறுக்கி நாற்பத்தெட்டில் நின்றது. ரிம் சுழன்றது. விளிம்பிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி, மேலே நகரும் கறுப்புத் துணியில் பனியாகப் படிந்தது. சக்கரபாணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது முதல் மீட்டர். ஐந்து. ஏழு. கார்குழலி ஈரமானியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

ஒன்பதாவது மீட்டரில் கதவு திறந்தது. சரிதா, பின்னால், தலையில் துண்டோடு அந்தப் பெண்.

“டைம் ஆச்சு. டிரையரக் குடு.”

சக்கரபாணி மெல்லத் திரும்பினார். “இது டிரையரா?”

“ஆமா சார். இன்னும் ஒரே மீட்டர்தான்” என்றாள் கார்குழலி. பெண்ணோ கண்ணாடியில் மூக்கை வைத்து, நகரும் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் ஒரு மீட்டர்தானக்கா, ஓடட்டும். மாப்ள காத்திருக்கட்டும்.”

பத்தாவது மீட்டரும் ஓடியது. சக்கரபாணி துணியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

“பார்லர் டிரையர் வச்சு ஓட்டுற மெஷினுக்கு இந்த வெலையா?”

“வெளிநாட்டுக்காரனும் சூடு காத்துதான் சார் ஊதுறான். அவன் டப்பாவுக்குள்ள மறைச்சிருக்கான். நான் வெளிய வச்சிருக்கேன்.”

அவர் சிரித்துவிட்டார். “ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தன ரிம்?”

“எட்டு.”

“எட்டு போடும்மா. நாளைய கையெழுத்து உனக்கு. டிரையர் அந்த வெலையிலயே சேத்தி.”

“அந்த வெலைய என்கிட்ட பேசுங்க சார்” என்றபடி சரிதா பிளக்கைப் பிடுங்கினாள்.

மேஸ்திரி அதற்குள் ஜன்னல் கோணிகளை அவிழ்த்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.