கடைத் திருநீறு

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். தில்லையம்மாள் மூன்று வருஷம் ஓட்டினாள். அதற்காக அவளைக் கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் இருந்தவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

எல்லாம் மகன் சேரனின் கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்தது. நம் பக்கத்துப் பத்திரிகைகள்தான் தெரியுமே. மாப்பிள்ளைக்கு ஒரு பட்டம், பெண்ணுக்கு ஒரு பட்டம், கல்யாணத்துக்கே வராத பெரியப்பாவுக்குக்கூட ஒரு பட்டம். பெண் இளமதி மேல்பட்டாம்பாக்கத்துக்காரி, எம்.எஸ்சி. படித்தவள். பெண் வீட்டார் பெயர்களெல்லாம் வாலும் கொம்புமாக நிற்க, தன் பக்கம் மட்டும் மொட்டையாகத் தெரிவது தில்லையம்மாளின் புருஷன் சடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. மஞ்சக்குப்பத்து அச்சகத்தில் நின்றபடியே, தன் சம்சாரத்தின் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போடச் சொல்லிவிட்டார். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் நிறுத்தித் தாலி கட்டிக் கூட்டி வந்தவரே அவர்தான்.

"பாதிதான் படிச்சிருக்கியே, மீதிய யாரு வந்து கேக்கப் போறா" என்றார்.

யாரும் கேட்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. இளமதி அக்கம்பக்கத்தில், "எங்க அத்த அந்தக் காலத்துலயே பி.ஏ. ஹிஸ்டரி" என்று சொல்லுவாள். சொல்லும்போதெல்லாம் தில்லையம்மாளுக்கு உடம்பு கூசும். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் சடையப்பன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பழியைப் பங்குபோட்டுக்கொள்ளவும் ஆள் இல்லாமல் போயிற்று. பொய்யை அழிக்க முடியாது, மெய்யாக்கிவிடலாம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. சிதம்பரத்தில், வேலைக்குப் போகிறவர்களும் குடும்பஸ்தர்களும் வீட்டிலிருந்தே படித்து, மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வகுப்புக்கு வந்தால் போதும் என்று ஒரு படிப்பு இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் பி.ஏ. முதல் வருஷம் சேர்ந்தாள். ஏற்கெனவே வாங்கிய பட்டத்தை மறுபடி படிக்கப் போகிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது?

முதல் ஞாயிற்றுக்கிழமை பையோடு வாசல் இறங்கியபோது இளமதி கேட்டாள். "எங்க அத்த, இவ்ளோ காலையில?"

"சிதம்பரத்துக்கு. கோயிலுக்கு."

பெயரே தில்லையம்மாள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அதோடு நிறுத்தியிருக்கலாம். மருமகளுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியும் வயிறு திறக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உனக்குத்தான் வேண்டுதல் வெச்சிருக்கன்" என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். சனியன் நாக்கு.

இளமதியின் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து அத்தை சிதம்பரம் போகிற ஞாயிறுகளில் மருமகள் விடியற்காலையில் தலை முழுகுவாள். அத்தை திருநீறு கொண்டுவந்து பூசுகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். தில்லையம்மாள் அங்கே கல்வெட்டும் களப்பிரரும் படித்தாள். பக்கத்தில் போக்குவரத்துக் கழக நடத்துநர் சார்லஸ், அங்கன்வாடி டீச்சர் ரேகா. மத்தியானம் மூவரும் ஓட்டலில் மசால் தோசை சாப்பிடுவார்கள். கடலூர் வீட்டில் ஒருத்தி வெறும் வயிற்றோடு தனக்காகக் காத்திருக்கிறாள் என்பது இரண்டாவது தோசையின்போதுதான் ஞாபகம் வரும். பாதியில் வைத்துவிட்டு எழுந்ததும் உண்டு. முழுசாகத் தின்றதும் உண்டு. பாடம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது, என்ன செய்ய.

சாயங்காலம் கீழ வீதியில் ஒரு பூக்கடையில் பத்து ரூபாய்க்குத் திருநீற்றுப் பொட்டலம் வாங்குவாள். கோயிலுக்குள் ஒரு நாளும் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்பது ஒரு காரணம். பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு சாமி முன்னால் நிற்கக் கூச்சம் என்பதுதான் காரணம். வீட்டுக்கு வந்ததும் இளமதியின் நெற்றியில் பூசி, கண்ணில் விழாமல் இடது கையால் அவள் கண்ணை மறைத்துக்கொண்டு ஊதிவிடுவாள். அந்த மறைப்பு தனக்கும் சௌகரியமாக இருந்ததை அவள் அறிவாள்.

இந்தப் பங்குனியில் இளமதிக்கு நாள் தள்ளிப்போயிற்று. நாலாம் மாதம் பிறந்ததும் அவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வேண்டுதல்தான் அத்த. வர்ற ஞாயித்துக்கெழம நானும் வர்றன். ரெண்டு பேரும் போயி அர்ச்சனை பண்ணிட்டு வந்துடலாம். டாக்டர் பஸ்ல போலாம்னுட்டாங்க."

வருகிற ஞாயிறு தில்லையம்மாளுக்குக் கடைசிப் பரீட்சை. தமிழக வரலாறு. ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்ட பேப்பர். இப்போதும் விட்டால் பாடத்திட்டம் மாறிவிடும், புதிய புத்தகங்களோடு மறுபடி மல்லுக்கட்ட வேண்டும். மூன்று ராத்திரி யோசித்தாள். பட்டம் போனால் போகட்டும், முகம் போகக் கூடாது என்று முடிவு செய்தாள். ஆனாலும் ஹால் டிக்கெட்டைப் பையின் அடியில், தேங்காய்க்குக் கீழே வைத்துக்கொண்டாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

எட்டரை மணிக்குச் சிதம்பரத்தில் இறங்கினார்கள். கீழ வீதியில் நடந்தபோது அந்தப் பூக்கடையைத் தாண்டிவிட வேண்டும் என்று வேகமாகத்தான் நடந்தாள். பூக்காரி விடவில்லை.

"என்னாக்கா, பாக்காத மாதிரி போற? இன்னிக்குப் பரீட்சன்னு சொன்னியே? சாயங்காலத்துக்குப் பொட்டலம் எடுத்து வெக்கட்டுமா, எப்பவும் வாங்குற பத்து ரூவாதான?"

இளமதி பூக்காரியைப் பார்த்தாள். கடையில் அடுக்கியிருந்த பொட்டலங்களைப் பார்த்தாள். அதே ரோஸ் காகிதம், அதே நூல் கட்டு. அப்புறம்தான் அத்தையைப் பார்த்தாள்.

"என்னா பரீட்ச அத்த?"

கோபுரத்துக்கு எதிரே, செருப்பு விடுகிற இடத்தின் ஓரமாக நின்றுகொண்டு தில்லையம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். அச்சகம், பாதியில் நின்ற படிப்பு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. தோசையைக்கூடச் சொன்னாள். சொல்லி முடித்து, "நான் பி.ஏ. இல்லம்மா" என்றாள்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் இளமதி. "கல்யாணமான மறுவாரமே மாமா சொல்லிட்டாரு, சிரிச்சிக்கிட்டே. எங்கப்பா பேருக்குப் பின்னாடி பி.காம். போட்டுருந்துச்சே, அவரு பன்னெண்டாவது ஃபெயிலு. வெளிய நான் சொல்லிக்கிட்டது உங்களுக்குப் பெருமையா இருக்கும்னுதான்."

இதற்காகவா மூன்று வருஷம்?

இளமதி குரல் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "அப்ப எனக்காக ஒரு நாளுகூட நீங்க வேண்டிக்கவே இல்லியா அத்த?"

இல்லை என்பதுதான் பதில். தலை தானாகக் குனிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சு இல்லை என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

இளமதிதான் கேட்டாள். "எத்தினி மணிக்குப் பரீட்ச?"

"பத்துக்கு. நான் போவல. உன்கூட உள்ள வர்றன்."

"வேணாம். நீங்க போயி எழுதுங்க. நான் தனியா போயிக்கிறன்." தேங்காயையும் அர்ச்சனைத் தட்டையும் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அடியில் இருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தாள். அதில் தேர்வு மையத்தின் பெயரை ஒரு முறை படித்தாள். பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கோபுரத்துக்குள் நுழைந்தாள்.

கேள்வித்தாளைப் பிரித்தால், சோழர் காலத்தில் கோயில்கள் மக்கள் வாழ்வில் பெற்ற இடத்தை விளக்குக என்று இருந்தது. அரை மணி நேரம் பேனா நகரவில்லை. அப்புறம் எழுதினாள். மூன்று வருஷமாக வாசலோடு திரும்பிய ஒருத்தி கோயிலைப் பற்றி ஐந்து பக்கம் எழுதினாள், பதினைந்து மதிப்பெண்ணுக்கு. நன்றாகத்தான் எழுதினாள். அது வேறு அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஒரு மணிக்கு வெளியே வந்தாள். இளமதி இந்நேரம் கடலூர் போய்ச் சேர்ந்திருப்பாள், அங்கிருந்து மேல்பட்டாம்பாக்கத்துக்கு அம்மா வீட்டுக்கே போயிருந்தாலும் இருப்பாள் என்று எண்ணிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். வேப்ப மரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் இளமதி உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கண் வீங்கியிருந்தது.

"நல்லா எழுதுனீங்களா?"

தில்லையம்மாள் தலையை ஆட்டினாள்.

இளமதி உள்ளங்கையை விரித்தாள். வாழை இலைத் துணுக்கில் மடித்த திருநீறு. "இது உள்ள குடுத்தது அத்த. உங்க பரீட்சைக்கும் சேத்து வேண்டிக்கிட்டன்."

"சாப்டியா நீ?" வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"இல்ல. நீங்க பூசுனப்புறந்தான சாப்புடுவன்."

வயிற்றில் பிள்ளையோடு, மணி ஒன்றேகால் வரைக்கும். தில்லையம்மாள் இலையை வாங்கினாள். கட்டைவிரலில் பேனா மை ஒட்டியிருந்தது. புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. அந்த விரலாலேயே தொட்டு மருமகள் நெற்றியில் பூசினாள். பாதி கீழே கொட்டியது. கண்ணில் விழாமல் இருக்க இடது கையால் இளமதியின் கண்களை மறைத்துக்கொண்டு ஊதினாள்.

ஊதி முடித்த பிறகும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.